எல்லோரும் பார்த்த பக்கம்

"புரிஞ்சுதா?" என்று அலிசி கேட்டதும் தோரிகா புருவத்தை உயர்த்துகிறாள். சூவா நகரத்தில் அது போதும். ஆமாம் என்று வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. புரிந்தாலும் உயர்த்துவாள், புரியாவிட்டாலும் உயர்த்துவாள். பிறகு லேப்டாப்பின்மேல் குனிந்துகொண்டு, ஆள்காட்டி விரல் ஒன்றால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடித் தட்டுவாள்.

புதன்கிழமை மாலைகளில் ரைவங்கா சர்ச் கூடத்தில் நடக்கும் வகுப்பு அது. வெப்சைட் செய்ய அலிசி சொல்லித் தருகிறாள். பள்ளி முடித்துவிட்டு வேலை தேடுகிற பிள்ளைகள் வருகிறார்கள், ஒரு டாக்சிக்காரர் வருகிறார், ஒரு நர்ஸ் வருகிறாள். தோரிகா நாற்பதைத் தாண்டியவள், எட்டாம் வகுப்போடு நின்றவள். கூடத்தின் தூணுக்குப் பின்னால் ஒரு நாற்காலி உண்டு. அங்கிருந்து பார்த்தால் அலிசியின் பாதி முகம்தான் தெரியும். அலிசிக்கும் இவளுடைய பாதிதான் தெரியும். அந்த இடத்தை யாரும் பிடித்துவிடக் கூடாது என்பதற்காகவே தோரிகா எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவாள்.

திரையில் ஒரு வரியை அழிக்கும்போது "துலோ" என்பாள். உட்கார்ந்திருப்பவர்களைக் கடந்து போகும்போதும் ஒருவர் தலைக்கு மேலே கை நீட்டி எதையாவது எடுக்கும்போதும் மன்னிப்பாகச் சொல்லுகிற வார்த்தை. அலிசி எழுதிக் கொடுத்த வரியை அழிக்க நேர்ந்தால் இரண்டு முறை சொல்வாள். பக்கத்து நாற்காலியில் இருக்கும் டாக்சிக்காரர் சிரிப்பார்.

"கம்ப்யூட்டர் கோவிச்சுக்காது தோரிகா."

"தெரியும்ணே. ஆனாலும் அடுத்தவங்க எழுதினதாச்சே."

பகலில் நபுவாவில் பள்ளிச் சீருடை தைக்கும் பட்டறையில் காஜா எடுக்கிறாள். காஜாவுக்கு இரண்டு முனையிலும் கட்டு விழ வேண்டும். ஒரு முனை விட்டுப்போனால் முதல் துவைப்பிலேயே பிரிந்துகொண்டு வரும். அந்தப் பழக்கத்தில், வெப்சைட் பக்கம் எழுதும்போதும் திறக்கும் குறியைப் போட்ட கையோடு மூடும் குறியையும் போட்டுவிட்டுத்தான் நடுவில் என்ன எழுதுவது என்று யோசிப்பாள். அது ஒன்றில்தான் அவளுக்குத் தவறு வராது. மற்றதெல்லாம் வரும். எழுத்துப்பிழை வரும். நிறங்களைக் கொட்டிவிடுவாள். வெற்றிடம் கண்டால் மனசு பொறுக்காது. "காலியா விட்டா வீட்ல ஆளே இல்லாத மாதிரி இருக்கு டீச்சர்" என்று சொல்லி, இடைவெளி இருக்கும் இடமெல்லாம் செம்பருத்திப் படத்தை வைத்து அடைப்பாள். தன்னைவிட வயதில் மிகவும் சிறியவளான அலிசியை அவள் டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள்.

பட்டறை முதலாளி கடைக்கென்று ஒரு வெப்சைட் வைத்திருக்கிறார். அதில் ஒரு வெள்ளைச் சட்டையின் படம் இருக்கிறது. அந்தச் சட்டைக்குக் காஜா எடுத்தவள் தோரிகா. தன் கையிலிருந்து போன சட்டை அங்கே எப்படிப் போய் உட்கார்ந்தது என்ற வியப்பு அவளுக்குத் தீரவே இல்லை. அதுதான் அவளை வகுப்புக்கு இழுத்து வந்தது. ஆனால் பட்டறையில் அதைச் சொல்ல வெட்கம். பாட்டுக் குழுவில் சேர்ந்திருப்பதாகச் சொல்லிவைத்தாள். எதிர் மிஷினில் உட்காரும் சலோத்தே விடவில்லை.

"பாட்டுக் குழுவா? எங்கே, ஒரு பாட்டுப் பாடு பாப்போம்."

தோரிகா காதுவரை சிவந்து உண்மையைச் சொன்னாள். சலோத்தே மிஷினை நிறுத்திவிட்டுப் பட்டறை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"கேட்டீங்களாடி! நம்ம தோரிகா இனிமே கம்ப்யூட்டருக்குக் காஜா எடுக்கப் போறாளாம்!"

போன கிறிஸ்துமஸுக்கு மொதுரிகித் தீவுக்குப் போயிருந்தாள். அவளுடைய அப்பாவின் தங்கை உனாயிசி அங்கே வாழ்க்கைப்பட்டவள். புயலில் விழுந்த வீட்டை எடுத்துக் கட்டியபோது கூடவே இரண்டு அறைகளும் போட்டிருந்தாள். வெளிநாட்டு விருந்தாளிகள் வந்து தங்கினால் ஊர்ப் பெண்களின் பாய்களும் விற்கும், அபிசாயின் படகுக்கும் சவாரி கிடைக்கும் என்பது கணக்கு. அபிசாய் அவள் மகன்.

"நீ கம்ப்யூட்டர் படிக்கிறியாமே" என்றாள் அத்தை, சேப்பங்கிழங்கைத் தோலுரித்தபடி. "நம்ம வீட்டை அதுல போட்டுவிடேன். உலகம் பூரா பாக்குமாம்ல?"

இன்னும் அவ்வளவு தூரம் படிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அத்தை வாய்விட்டு ஒன்று கேட்டு, இல்லை என்று சொல்லும் வழக்கம் அவர்கள் குடும்பத்தில் இல்லை. தோரிகாவின் புருவம் உயர்ந்துவிட்டது. வீட்டை, கடற்கரையை, பாய்களை, பாய் பின்னிய பெண்களை, படகில் நிற்கும் அபிசாயை எல்லாம் போனில் படம் எடுத்துக்கொண்டு சூவா திரும்பினாள்.

அலிசி இரவல் கொடுத்திருந்த பழைய லேப்டாப்பில் வேலை ஆரம்பமானது. முழங்கை வரை கை கழுவிவிட்டுத்தான் அதைத் தொடுவாள். யாராவது பின்னால் வந்தால் அடுப்பில் பால் பொங்கிவிட்டது போலப் பதறித் திரையைத் துணியால் மூடுவாள். கடலின் நிறம் பிடிபடப் பல நாள் ஆனது. பக்கம் ஒருவழியாகச் சேர்ந்து வந்த வாரத்தில்தான் அலிசி அந்தப் பாடத்தை நடத்தினாள். கம்ப்யூட்டரில் செய்த பக்கம் அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேதான் கிடக்கும், அதை வெளியே ஓர் இடத்தில் கொண்டுபோய் வைத்தால்தான் மற்றவர்கள் பார்க்க முடியும் என்பது பாடம். அன்று சூவாவில் பெய்கிற மழை பெய்தது. தகரக் கூரையில் அது விழுகிற சத்தத்தில் தூணுக்குப் பின்னால் ஒரு வார்த்தை கூடக் கேட்கவில்லை. அலிசியின் வாய் அசைவது தெரிந்தது, கை ஏதோ காட்டுவது தெரிந்தது. பிறகு அந்தப் பாதி முகம் இவள் பக்கம் திரும்பியது. கேள்வி என்னவென்று தோரிகாவுக்குத் தெரியும். புருவத்தை உயர்த்தினாள்.

இரண்டு நாள் கழித்து, பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, திரையின் உச்சியில் தெரிந்த முகவரியை எழுத்து பிசகாமல் எடுத்துக் குடும்பத்தார் எல்லோரும் இருக்கும் போன் குழுவுக்கு அனுப்பினாள். அனுப்பிவிட்டுப் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டாள்.

மறுநாள் பார்த்தால் புகழ்ச்சி கொட்டிக் கிடந்தது. மொதுரிகியில் தண்ணீர்த் தொட்டி இருக்கும் மேட்டில்தான் சிக்னல் வரும். ஒவ்வொருவராக மேடேறி வந்து பார்த்திருக்கிறார்கள். "வினாகா, வினாகா, என் தங்கமே. கண்ணுக்குள்ளயே நிக்குது" என்று நன்றியும் பாராட்டுமாக அத்தை. "நம்ம குடும்பத்துக்கே பெருமை" என்று சித்தப்பா. பாய் பின்னும் பெண்கள் அத்தையின் போனிலிருந்தே பூக்களும் இதயங்களுமாக அனுப்பியிருந்தார்கள். அபிசாய் மட்டும் இப்படி எழுதியிருந்தான்:

"எனக்கு ஒண்ணுமே தெரியலையேடி. வெள்ளைத் துணி காயப்போட்ட மாதிரி இருக்கு. எங்க வீட்டை எங்கே கொண்டுபோய் ஒளிச்சு வெச்சே?"

அத்தை மகன் கேலி செய்யாவிட்டால்தான் ஏதோ மனத்தாங்கல் என்று பொருள். குழுவில் எல்லோரும் சிரித்தார்கள். தோரிகாவும் சிரித்தாள். "கண்ணு நல்லா இருக்கறவங்களுக்கு மட்டும்தான் தெரியும் மச்சான்" என்று பதில் போட்டாள். அந்த வாரம் பட்டறையில் அவள் முதுகு நிமிர்ந்திருந்ததைச் சலோத்தே கூடக் கவனித்துக் கேட்டாள்.

ஈஸ்டர் விடுமுறைக்கு லேப்டாப்பைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மறுபடியும் புறப்பட்டாள். சனிக்கிழமை, நதோவி படகுத் துறையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அபிசாய் நின்றிருந்தான். கையில் ஒரு பூமாலை.

"அடேயப்பா, மரியாதை பலமா இருக்கே. எனக்கா மச்சான்?"

"உனக்கு மரவள்ளி இலையே ஜாஸ்தி. இது விருந்தாளிக்கு."

"எந்த விருந்தாளிக்கு?"

"உன் வெப்சைட்டைப் பாத்துட்டு வர்ற விருந்தாளிக்கு. சனிக்கிழமை ஆனா அம்மா ஒண்ணு கட்டிக் குடுத்துரும். நானும் பஸ்ல இறங்குற வெள்ளைக்காரனை எல்லாம் பாத்துப் பல்லைக் காட்டிட்டு நிப்பேன். அவன் வேற தீவுக்குப் போற படகுல ஏறிப் போயிருவான். போன வாரம் ஒரு கிழவி, மாலை என்ன விலைன்னு கேட்டா."

தோரிகா சிரிக்க வாயெடுத்தாள். சிரிப்பு வரவில்லை.

"இதுவரைக்கும் யாராவது வந்தாங்களா?"

அபிசாய்க்கு நூறு பதில் வந்திருக்க வேண்டிய இடம் அது. அவன் படகின் இன்ஜின் கயிற்றை இழுத்தான்.

அத்தையின் வீட்டில் இரண்டு அறைகளும் மணவறைபோல இருந்தன. புதுப் பாய், புதுக் கொசுவலை, தலையணைமேல் பூ. சமையல் கொட்டகையின் மூலையில் அத்தையின் படுக்கை சுருட்டி வைத்திருந்தது. வீட்டுக்குள் படுத்தால் எதையாவது கலைத்துவிடுவோம் என்று அங்கே படுக்கிறாள். ஊர்ப் பெண்கள் முறைவைத்து வந்து முற்றம் பெருக்குகிறார்கள்.

வருகிறவர் வீட்டாருக்கு மரியாதையாக வைக்கும் யங்கோனா வேரை முறைப்படி வைத்துக் கும்பிட்டுச் சாப்பாடும் ஆன பிறகு, பெண்கள் தோரிகாவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். "அந்தப் பெட்டியைத் திற, பெருசாப் பாப்போம்" என்றாள் அத்தை. தோரிகா வழக்கம்போல் ஒரு பொத்தானைத் தட்டினாள். பக்கம் திறந்தது. கடலும் வீடும் செம்பருத்தியும் திரை நிறைய வந்தன.

"ஐயோ, நான் இருக்கேன்!" என்று கத்தினாள் அத்தை. "என்னையும் போட்டிருக்கியா இதுல!"

"என் பாயைப் பாருங்கடி, என் பாய்!" என்றாள் இன்னொருத்தி. "இதை எப்பம்மா போட்டே?"

கடலை விரலால் தொட்டுப் பார்த்தாள் ஒருத்தி. படகில் நிற்கும் அபிசாயைக் கண்டு எல்லோரும் கைகொட்டிச் சிரித்தார்கள். இத்தனை மாதம் கண்ணுக்குள்ளேயே நின்ற பக்கத்தை அவர்கள் இன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறார்கள் என்பது அந்தச் சிரிப்பின் நடுவே தோரிகாவுக்குத் தெரிந்தது. மடியில் கிடந்த தன் போனைப் பார்த்தாள். சிக்னல் இல்லை. இந்த வீட்டில் ஒருநாளும் இருந்ததில்லை. லேப்டாப்புக்கும் வெளியுலகத்துக்கும் இங்கே ஒரு தொடர்பும் கிடையாது. ஆனாலும் பக்கம் ஜம்மென்று திறந்துகொண்டது. எங்கிருந்து வந்தது? வெளியிலிருந்து வர வழியே இல்லையென்றால், இது வெளியே போகவே இல்லை. மழை நாளில் அலிசியின் கை என்ன காட்டியது என்பது இப்போது புரிந்தது. அவள் அனுப்பிய முகவரியைத் தட்டிய ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் போனுக்குள்ளேயே தேடியிருக்கிறார்கள். வெள்ளைத் துணிதான் தெரிந்திருக்கும்.

"சார்ஜ் போயிரும் அத்தை" என்று மூடியைச் சாய்த்தாள்.

அபிசாய் கரையில் படகுக்குள் தேங்கிய தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தான். தோரிகா போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"அன்னைக்கு ஒண்ணும் தெரியலைன்னு எழுதினியே. கேலியா, நிஜமா?"

"நிஜம்தான்."

"அப்புறம் ஏன் என்கிட்ட மறுபடி சொல்லலே?"

"சொன்னேனே. எவன் நம்பினான்? நான் செத்துட்டேன்னு சொன்னாக்கூட நீங்கள்லாம் சிரிப்பீங்க."

"அத்தை பாத்தேன்னு சொன்னாங்களே மச்சான்."

"அம்மா, தன் போன்தான் ஓட்டைன்னு நெனைச்சுது. பக்கத்து வீட்டுக்காரி சிக்னல்தான் மோசம்னு நெனைச்சா. இவ்வளவு பாடுபட்டுச் செஞ்ச பொண்ணுகிட்ட, தெரியலைன்னு எப்படிச் சொல்றதுன்னு ஆளுக்கு ஒரு பூ அனுப்பிட்டாங்க." தகரக் குவளையைக் கீழே வைத்தான். "இங்கே பாரு, நீ பேசாம ஊருக்குப் போயி அதைச் சரிபண்ணு. இங்கே யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. நீ எதையாவது சொல்லப் போனா அம்மாவுக்குத்தான் அசிங்கம். பாத்தேன்னு சொல்லிருச்சுல்ல."

அவன் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. அலிசியிடம் கேட்டால் ஒரு மாலையில் முடிந்துவிடும். யாருக்கும் தெரியாது. ஞாயிறு முழுக்கத் தோரிகா அதையே சொல்லித் தன்னைத் தேற்றிக்கொண்டாள். சர்ச்சில் தலை குனிந்தே இருந்தாள். அத்தை தட்டில் பெரிய மீனாக எடுத்து வைத்தபோது அதை அபிசாயின் தட்டுக்குத் தள்ளிவிட்டாள்.

திங்கட்கிழமை காலை குழாயடியில் பாத்திரம் அலசிக்கொண்டிருந்தபோது சமையல் கொட்டகைக்குள்ளிருந்து அத்தையின் குரல் கேட்டது.

"அவ மேல தப்பே இல்லை. நல்லாத்தான் போட்டிருக்கா, முந்தாநேத்து நீங்களும் பாத்தீங்கள்ல. உலகமே பாக்குது. பாத்துட்டு வேணாம்னு போறாங்க. நம்ம வீடுதான் அவங்களுக்கு மட்டமாப் படுது போல. என்ன செய்யிறது, நம்மகிட்ட இருக்கறது இவ்வளவுதான். அந்த ஜன்னலுக்காவது ஒரு நல்ல துணி வாங்கிப் போட்டிருக்கணும்."

தோரிகா குழாயை மூடினாள். கழுவாத பாத்திரங்களை அப்படியே விட்டுவிட்டு அபிசாயைத் தேடிப் போனாள்.

"மச்சான், யங்கோனா வேர் ஒரு கட்டு இருக்கா?"

"வந்தன்னைக்கே ஒண்ணு வெச்சியே. மறுபடி எதுக்கு?"

அவள் தலையில் முக்காடிட்டதுபோல் துணியைப் போர்த்தியிருந்தாள். அபிசாய் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போய்க் கட்டை எடுத்து வந்தான்.

"மன்னிப்புக் கேக்க உனக்காக நான் பேச முடியாது. நான் அம்மா பக்கத்து ஆளு."

"நானே பேசிக்கறேன்."

"நீயா? பஸ்ஸை நிறுத்தச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு அடுத்த ஸ்டாப்ல இறங்கித் திரும்பி நடக்கிறவ நீ."

"ஆமா" என்றாள் தோரிகா, கட்டை வாங்கிக்கொண்டு.

அத்தை இதற்குள் வீட்டுக்குள் வந்து, வாசலுக்கு எதிர்க்கோடியான மேல்புறத்தில், கௌரவமான பாயில் உட்கார்ந்திருந்தாள். பெண்கள் சுவரோரமாக இருந்தார்கள். தோரிகா வாசலைத் தாண்டியதும் அங்கேயே, செருப்புகள் கிடக்கும் இடத்தை ஒட்டி உட்கார்ந்து, வேர்க்கட்டைத் தனக்கு முன்னால் வைத்துக் குனிந்துகொண்டாள். பேச்சு நின்றது. குற்றம் செய்தவர் வந்து உட்காரும் இடம் அது.

"அத்தை, அந்தப் பக்கம் எங்கேயும் போகலை. என் பெட்டிக்குள்ளயேதான் கெடந்துச்சு. உலகத்துல யாரும் அதைப் பாக்கலை. வெளியே கொண்டுபோய் வைக்கணும்னு எனக்குத் தெரியலை. சொல்லிக் குடுத்த அன்னைக்கு மழை. காதுல விழலை. மறுபடி கேக்க வெக்கமா இருந்துச்சு, புரிஞ்சுதுன்னு சொல்லிட்டேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "வீட்ல ஒரு குறையும் இல்லை அத்தை. யாரும் வேணாம்னு சொல்லலை. இப்படி ஒரு வீடு இருக்கறதே யாருக்கும் தெரியாது. குறை என்கிட்டதான்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுப் பாயின் பின்னலைப் பார்த்தார்கள். அத்தையின் முகம் கருத்தது. கை நீட்டி வேர்க்கட்டைத் தொட்டால் மன்னித்ததாக ஆகிவிடும். அவள் தொடவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். உடம்பை வளைத்துக் குனிந்தபடியே பெண்களைக் கடந்து, மேல்புறத்திலிருந்து வாசல் பக்கமாக நடந்து வந்தாள். தோரிகாவை நெருங்கியதும் திரும்பி, அவளுக்குப் பக்கத்தில், வாசலோரமாக, ஆளில்லாத மேல்பாயைப் பார்த்தபடி காலை மடக்கி உட்கார்ந்தாள்.

"நானும் பாத்தேன்னு சொன்னேன்" என்றாள், மிகவும் தாழ்ந்த குரலில். "கண்ணுக்குள்ள நிக்குதுன்னு சொன்னேன்."

ஜன்னலோரத்தில் ஒருத்தி, "நானும்தான்" என்று முணுமுணுத்தாள்.

வாசலுக்கு வெளியே நின்றிருந்த அபிசாய் தலையை உள்ளே நீட்டினான். "அப்போ மேலே யாரு உக்கார்றது? நான் ஒருத்தன்தான் உண்மை சொன்னவன். நானா?"

யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தோரிகா நிமிரவில்லை. குனிந்த தலையோடே கொஞ்சம் நகர்ந்து, அத்தைக்கு இடம் விட்டாள்.